மீர் யெஷிவா ஷாங்காய் போனது எப்படி? அகதி ரப்பிகளின் காகிதம், காலண்டர், தண்ணீர்

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

சுகிஹாரா பற்றித் தமிழில் தேடினால் ஒரே மாதிரிதான் கிடைக்கிறது. 1940-இல் லிதுவேனியாவின் கௌனாஸில் இருந்த ஜப்பானியத் தூதரக அதிகாரி, தப்பி ஓடும் யூதர்களுக்குக் கை வீங்க விசா எழுதினார், ரயில் கிளம்பும்போதும் ஜன்னல் வழியாக நீட்டினார், முடிந்தது கதை. அந்த விசாவோடு கிளம்பியவர்களில் மீர் யெஷிவா அப்படியே முழுசாக இருந்தது. யெஷிவா என்றால் தால்முத் என்ற யூதச் சமயச் சட்டத் தொகுப்பைப் படிக்கும் உயர்கல்விக்கூடம். மீர், அப்போது போலந்து, இப்போது பெலாரஸ். 1815-இல் தொடங்கிய இடம். ஆசிரியர், மாணவர், குடும்பம் எல்லாம் சேர்த்து 300 பேர் சொச்சம்.

எனக்கு உணர்ச்சிக் கதை வேண்டாம். 300 பேரை எந்தெந்தத் தாளை வைத்து நகர்த்தினார்கள், போன இடத்தில் எதை முதலில் கட்டினார்கள், எங்கே சொதப்பியது? தனியாகப் போன ரப்பிகளுக்கு, அதாவது யூத மதகுருக்களுக்கு, வேலை எப்படிக் கிடைத்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நூலகவாசி எழுதியது:

தாள்களை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்று குறைந்தாலும் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

1939 அக்டோபரில் சோவியத் யூனியன் வில்னா நகரத்தை லிதுவேனியாவுக்குக் கொடுத்தது. மீர் ஊரோ சோவியத் கையில். எல்லை இறுகுவதற்குள் யெஷிவா வில்னாவுக்கு வந்துவிட்டது, அங்கிருந்து கெய்தான் என்ற சிற்றூருக்கு. 1940 ஜூனில் லிதுவேனியாவையும் செஞ்சேனை பிடித்ததும் ஒரே ஊரில் கும்பலாக இருப்பது ஆபத்து என்று சின்ன ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள்.

முதல் தாள், அடையாளம். பலரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாத நேரம். போலந்தின் நலன்களைக் கவனித்துக்கொண்டிருந்த கௌனாஸ் பிரிட்டிஷ் தூதரகம் பயணத் தாள் கொடுத்தது.

இரண்டாவது, போய்ச் சேரும் நாடு. இதுதான் பிரசித்தமான குராசாவ் விசா. உண்மையில் அது விசாவே இல்லை. ரிகாவில் இருந்த டச்சுத் தூதர் டெ டெக்கர், 'சுரினாம், குராசாவ் முதலிய டச்சு அமெரிக்கப் பகுதிகளுக்குள் வர நுழைவு விசா தேவையில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். வழக்கமாக அந்த வரியை ஒட்டி, 'இறங்க அனுமதிக்கும் அதிகாரம் ஆளுநருக்கு மட்டுமே' என்று இன்னொரு வரி வரும். அதை விட்டுவிட்டார். முதலில் அதை வாங்கியவர் பெஸ்லா லெவின் என்ற பெண். டெல்ஸ் யெஷிவாவில் படித்த டச்சு மாணவர் நாத்தன் குட்விர்த்தும் அதே வழியில் முயன்றவர். பிறகு கௌனாஸில் பிலிப்ஸ் கம்பெனி மேலாளராகவும் பொறுப்புத் தூதராகவும் இருந்த யான் ஸ்வார்டென்டைக் அதே வாசகத்தை 1940 ஜூலை 24-இலிருந்து ஆகஸ்ட் 3 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதித் தந்தார்.

மூன்றாவது, வழியில் உள்ள நாடு. அதற்குத்தான் சுகிஹாரா. அவருடைய பட்டியலில் இருப்பது 2,140 பெயர். குடும்பத்துக்கு ஒரே விசா என்பதால் பயணித்த தலைகள் அதைவிட அதிகம்.

நான்காவது, சோவியத் வெளியேறும் அனுமதி. ஐந்தாவது, இன்டூரிஸ்ட் ரயில் டிக்கெட். இதில்தான் வேடிக்கை. டிக்கெட் சுமார் 200 டாலர், டாலரில்தான் கட்ட வேண்டும். ஆனால் சோவியத் சட்டப்படி டாலர் வைத்திருப்பது குற்றம். அமெரிக்காவிலிருந்து நேராகப் பணம் கட்ட ஆள் இல்லாதவன் கதி அதோகதிதான். நியூயார்க்கில் ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் சங்கம் 1939 நவம்பரில் தொடங்கிய 'வாத் ஹாத்ஸாலா' என்ற மீட்புக் குழுவும், ஜாயின்ட் என்று எல்லோரும் சொல்கிற அமெரிக்க யூத நிவாரண அமைப்பும் இந்தப் பணத்தைத் திரட்டின.

அப்புறம் மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக்குக்குப் பத்து நாளுக்கு மேல் ரயில், அங்கிருந்து 'அமாகுசா மாரு' என்ற கப்பலில் ஜப்பானின் த்சுருகா துறைமுகம், பிறகு கோபே.

குறுக்குக்கேள்வி எழுதியது:

@நூலகவாசி எல்லாம் சரி, நான்காவதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! அங்கேதான் உயிரா சாவா என்பது முடிவானது.

வெளியேறும் அனுமதிக்கு மனுப் போடுவது என்றால் ரகசியப் போலீஸிடம் போய், 'நான் உங்கள் சொர்க்கத்தில் இருக்க விரும்பவில்லை, இதோ என் விலாசம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. மனுப் போட்டவனை சைபீரியாவுக்கு அனுப்புவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் இருந்தது, எத்தனையோ பேரை அனுப்பியிருந்தார்கள். பல பெரிய ரப்பிகள் 'மனுப் போடாதே, சத்தம் காட்டாமல் இரு' என்றே சொன்னார்கள். அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான அறிவுரை இல்லை. மீர் மனுப் போட்டது. கமெனெட்ஸ், பரனோவிச் போன்ற யெஷிவாக்களில் பெரும்பாலோர் தங்கினார்கள். 1941 ஜூனில் ஜெர்மன் படை வந்தது.

இன்னொன்று. சுகிஹாராவைத் தனி ஆளாக நிறுத்துவது டச்சுக்காரர் இருவருக்கும் அநியாயம். டோக்கியோ அவருக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிய தந்தி, 'சேருமிட நாட்டின் அனுமதி இல்லாதவனுக்குக் கொடுக்காதே, செலவுக்குப் பணம் இல்லாதவனுக்குக் கொடுக்காதே' என்பதுதான். முதல் நிபந்தனைக்கு அந்தப் பாதி வரிதான் பதில். குராசாவ் வரி இல்லாமல் வந்த ஒரு கூட்டத்தை 1941 மார்ச்சில் த்சுருகாவில் இறங்கவிடாமல் அதே கப்பலில் விளாடிவோஸ்டாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். கோபேயில் இருந்த டச்சுத் தூதரும் அதே வாசகத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

அருமை. கோபேயில் கிழமைக் குழப்பம் வந்ததாக எங்கோ படித்தேன். சனிக்கிழமை எது என்றே தெரியவில்லை என்று. இது நிஜமா, யாராவது சுவைக்காகச் சேர்த்ததா?

திசைமானி எழுதியது:

நிஜம்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரச்சினை என்ன? சப்பாத் என்பது ஏழாவது நாள், அன்று வேலை கூடாது. உலகம் உருண்டை. கிழக்கே போகப் போக சூரியன் முன்னதாக உதிக்கும். எங்கோ ஒரு கோட்டில் ஒரு நாளைக் கூட்டியோ குறைத்தோ ஆக வேண்டும். பசிபிக்கில் உள்ள சர்வதேசத் தேதிக்கோடு கப்பல்காரர்களும் அரசுகளும் வசதிக்குப் போட்டது. யூதச் சமயச் சட்டம், அதாவது ஹலாகா, அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியானால் ஹலாகாவின் கோடு எங்கே? ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தவரை அது ஏட்டுக் கேள்வி. 1941-இல் சில நூறு பேர் அந்தக் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று கட்சி. ஹஸோன் ஈஷ் என்று அறியப்பட்ட, பாலஸ்தீனத்தின் பினே பராக் ஊரில் இருந்த ரப்பி, ஜெருசலேமிலிருந்து கிழக்கே 90 பாகையில் கோடு என்றார். ஜெருசலேம் 35 பாகை கிழக்கு, அதோடு 90, மொத்தம் 125. அடிப்படை, தால்முத்தின் 'ரோஷ் ஹஷானா' பகுதிக்கு இடைக்காலத்தில் எழுந்த ஒரு விளக்கம். கோடு நிலத்தின் நடுவே வந்தால் நிலத்தை வெட்டக்கூடாது, கரையை ஒட்டி வளையும் என்றும் சேர்த்தார். ஆக, 121 பாகையில் ஆசியப் பெருநிலத்தில் இருக்கும் ஷாங்காய்க்குச் சிக்கலில்லை. கோபே 135 பாகை, தீவு. அவர் கணக்குப்படி ஜப்பானில் ஊர் ஞாயிறு என்று சொல்லும் நாள்தான் சப்பாத்.

இரண்டாவது, ஜெருசலேமின் துகாசின்ஸ்கி ரப்பி. ஜெருசலேமுக்கு நேர் எதிர்ப்பக்கம், 180 பாகை. அந்தக் கோடு ஹவாய்க்கும் கிழக்கே, சுமார் 145 பாகை மேற்கில் விழும். ஜப்பானில் சனி சனியே, ஹவாயில்தான் தகராறு. மூன்றாவது கட்சி, 'நிலையான கோடு என்று ஒன்றில்லை, அந்தந்த ஊர் யூதர்கள் கடைப்பிடிப்பதே நாள்' என்பது.

சனி, ஞாயிறு என்பதைச் சமாளிக்கலாம். இரண்டு கருத்துக்கும் இடம் கொடுக்கிறவர் சனியன்று முழுச் சப்பாத் கொண்டாடிவிட்டு, ஞாயிறன்று வார நாள் வழிபாட்டைச் செய்வார், வார நாள் தொழுகைக்குரிய தோல் பெட்டிகளான தெஃபிலினைக் கட்டுவார், ஆனால் தீ மூட்டமாட்டார், எழுதமாட்டார். பாதி நாள் பாதி சப்பாத். யோம் கிப்பூர் வந்தபோதுதான் இந்த உத்தி உடைந்தது. அது 25 மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாத உபவாசம்.

1941-இல் யோம் கிப்பூர் அக்டோபர் 1, புதன். கோபேயிலிருந்து ஜெருசலேமுக்குத் தந்தி போனது. தலைமை ரப்பி ஹெர்ஸோக் சபை கூட்டினார். பதில்: புதனன்று உபவாசம், வியாழனன்றும் 'அளவுக்குக் குறைவாக' மட்டும் உண்ணுங்கள். ஹஸோன் ஈஷ் தனியாகத் தந்தி அடித்தார்: புதனன்று சாப்பிடுங்கள், வியாழனன்று உபவாசம் இருங்கள், எதற்கும் கவலைப்படாதீர்கள். இரண்டு தந்தியும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒருவர் விலக்கிய நாளில் மற்றவர் சாப்பிடச் சொல்கிறார்.

மேகலை_73 எழுதியது:

'அளவுக்குக் குறைவாக' என்றால் என்ன அளவு?

திசைமானி எழுதியது:

யோம் கிப்பூரில் தண்டனைக்குரிய குற்றமாக எண்ணப்படுவது ஒரு பெரிய பேரீச்சம்பழக் கன அளவு உணவு. அதனால் நோயாளிக்குச் சொல்லும் முறை இது. ஒரு தடவைக்கு 30 மில்லி கன அளவுக்குள், அடுத்த வாய்க்கு 9 நிமிடமாவது இடைவெளி. தண்ணீர் என்றால் அவரவர் ஒரு கன்னம் நிறையும் அளவுக்குக் குறைவாக. அதை முன்கூட்டியே வாயில் நிரப்பித் துப்பி அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமானவனுக்குச் சாதாரணமாக இந்தச் சலுகை கிடையாது. வியாழன் யோம் கிப்பூரா என்பதே சந்தேகம் என்பதால் கொடுத்தார்கள்.

அக்டோபருக்குள் மீர் ஆட்களில் பெரும்பாலோர் ஷாங்காய் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோபேயில் மிஞ்சியவர்களுக்குத்தான் இந்தச் சோதனை. சிலர் இரண்டு நாளும் சேர்த்து உபவாசம் இருந்தார்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

உலகம் எரியும்போது இவர்கள் பேரீச்சம்பழம் அளந்துகொண்டிருந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

திசைமானி எழுதியது:

கேட்கலாம். அந்த உபவாசம் முடிந்து ஆறு வாரத்துக்குள், 1941 நவம்பர் 9-இல், மீர் ஊரில் ஒரே நாளில் சுமார் 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கோபேக்கும் ஷாங்காய்க்கும் அந்தச் செய்தி உடனே வரவில்லை. அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது அந்தக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான். அதைத்தான் பார்த்தார்கள்.

நூலகவாசி எழுதியது:

ஷாங்காய் பக்கம் போவோம். ஜப்பான் கொடுத்த வழிப்பயண அனுமதி இரண்டு வாரம்கூட இல்லை. ஹீப்ரூ தெரிந்த ஜப்பானியப் பேராசிரியர் செத்சுசோ கொத்சுஜி உள்ளூர் போலீஸிடம் பேசிப் பேசி நீட்டித்து வாங்கினார். குராசாவ் போக யாருக்கும் உத்தேசமில்லை, வேறு விசாவும் வரவில்லை. 1941 ஆகஸ்ட் தொடங்கி, மிஞ்சிய சுமார் 1,000 அகதிகளை ஜப்பான் ஷாங்காய்க்குக் கப்பலேற்றியது.

அங்கே ஏற்கெனவே ஒரு ரப்பி இருந்தார், மேயர் அஷ்கெனாஸி. அவரே விளாடிவோஸ்டாக்கிலிருந்து வந்தவர், 1926 முதல் ஷாங்காய் ரப்பி. புது ஊரில் இப்படி ஒரு ஆள் முன்னமே வேரூன்றியிருப்பதுதான் எல்லா விசாவையும்விடப் பெரிய சொத்து. மியூசியம் ரோட்டில் இருந்த பெத் அஹரோன் தொழுகைக்கூடம் யெஷிவாவுக்குக் கிடைத்தது. பாக்தாத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்து ஷாங்காயில் கோடீஸ்வரரான சைலஸ் ஹார்டூன் 1927-இல் கட்டியது. வணிக வட்டாரத்துக்கு நடுவே, யூதர் அதிகம் வசிக்காத தெருவில் கட்டியதால் பெரும்பாலும் காலி. 'ஹார்டூன் கனவு கண்டு கட்டினார், இருக்கைகள் யெஷிவா எண்ணிக்கைக்கு ஒன்றுகூடக் குறையாமல் சரியாக இருந்தன' என்றொரு கதை உலவுகிறது. நான் நம்பமாட்டேன். யெஷிவாவின் எண்ணிக்கையே வழி நெடுக மாறிக்கொண்டிருந்தது, எந்த எண்ணுக்குச் சரியாக இருந்ததாம்?

தலைமைப் பொறுப்பை எடுத்தவர்கள் ஹாயிம் ஷ்முவெலெவிட்ஸும், ஒழுக்கப் பயிற்சிக்குப் பொறுப்பான யெஹெஸ்கேல் லெவென்ஸ்டைனும். யெஷிவாவின் தலைவர் எலியேசர் யெஹூதா ஃபின்கெல் வேறு வழியில் பாலஸ்தீனம் போய்விட்டார்.

பணம்தான் பெரிய தலைவலி. பெர்ல் ஹார்பருக்குப் பிறகு ஷாங்காய் அமெரிக்காவுக்கு எதிரி நிலம். அங்கே டாலர் அனுப்பினால் எதிரியுடன் வணிகம் என்ற சட்டம் பாயும். ஜாயின்ட் சட்டத்தைக் கடைப்பிடித்து நிறுத்தியது. அதற்கு முன்பே தன் ஷாங்காய் ஊழியர் லோரா மார்கோலிஸுக்கு, 'போர் முடிந்ததும் திருப்பித் தருகிறோம், உள்ளூர்ப் பணக்காரர்களிடம் கடன் வாங்கு' என்று மாதம் 30,000 டாலர், ஆறு மாதத்துக்கு அனுமதித்திருந்தது. வாத் ஹாத்ஸாலாவோ நடுநிலை நாடுகள் வழியாக யெஷிவாவுக்கென்று தனியாக அனுப்பியது. அதற்குப் பின்னால் நின்றவர் நியூயார்க்கில் மீரின் பொறுப்பாளர் ஆவ்ராஹாம் கல்மனோவிட்ஸ். இதில் கசப்பும் உண்டு. ஷாங்காயின் ஹொங்கூ பகுதி விடுதிகளில் சூப்புக்கு வரிசை நின்ற ஜெர்மன், ஆஸ்திரிய அகதிகளுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை. புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

1943 பிப்ரவரி 18 அறிவிப்பு: 1937-க்குப் பின் வந்த நாடற்ற அகதிகள் மே 18-க்குள் ஹொங்கூவில் குறித்த பகுதிக்குள் குடியேற வேண்டும். ஒரு சதுர மைல், அகதிகள் மட்டும் சுமார் 15,000-இலிருந்து 18,000 பேர், நெருக்கியடித்து வாழ்ந்த சீனர்கள் தனிக்கணக்கு. பெத் அஹரோன் அந்த எல்லைக்கு வெளியே. தினம் படிக்கப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக் கொடுத்தவர் கானோ கோயா, தன்னை 'யூதர்களின் ராஜா' என்று சொல்லிக்கொண்டு, மனம்போனபடி அறைவார், திட்டுவார், சீட்டைப் பிடுங்குவார்.

அச்சுக்கோப்பு எழுதியது:

யாரும் புத்தகத்தைத் தொடவில்லை, அதனால் நான். 300 பேர் தால்முத் படிக்க வேண்டும், கையில் இருப்பது ஓரிரண்டு பிரதி. ஷாங்காயில் தால்முத்தை மறுபடி அச்சடித்தார்கள், சீன அச்சகத்தில். எப்படி என்பதுதான் விஷயம்.

தால்முத் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவே மூலம், உள்பக்கம் ராஷியின் உரை, வெளிப்பக்கம் தோசஃபோத் உரை, ஓரங்களில் குறுக்குக் குறிப்புகள். மூலம் ஒரு எழுத்துரு, உரைகள் வேறு எழுத்துரு. வில்னாவின் ரோம் அச்சகம் 1880-இலிருந்து 1886 வரை ஆறு வருஷம் கோர்த்த பக்க அமைப்புதான் இன்றைக்கும் தரம். 'இன்ன பகுதி, இன்ன தாள், முன்பக்கம்' என்றுதான் மேற்கோள் காட்டுவார்கள். பக்கம் மாறினால் யாரும் யாரோடும் வாதிட முடியாது. புதிதாகக் கோர்க்க ஹீப்ரூ அச்செழுத்தும் இல்லை, கோர்ப்பவரும் இல்லை.

ஆகவே ஒளிப்பட வழி. இருக்கும் பிரதியின் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, தட்டில் ஏற்றி, அப்படியே அடிப்பது. அச்சடிக்கிறவருக்கு ஒரு எழுத்தும் தெரிய வேண்டியதில்லை. இதில் எது கெடும்? மை கொஞ்சம் பரவினால் போதும். ஹீப்ரூவில் தாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் மூலையில் ஒரு சின்ன நீட்சி. ஹே, ஹெத் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மயிரிழை இடைவெளி. மை அந்த இடைவெளியை மூடினால் சொல்லே மாறிவிடும். உரை எழுத்து ஏற்கெனவே பொடி. மூலப்பிரதி மங்கலாக இருந்தால் கறுப்பைக் கூட்டத் தோன்றும், கூட்டினால் இடைவெளி அடைபடும், குறைத்தால் மெல்லிய கோடு மறையும். முதல் தாளை ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மற்றதை ஓட்டவேண்டும்.

இதே சிக்கல் போருக்குப் பின் ஜெர்மனியிலும் வந்தது. அமெரிக்க மண்டல முகாம்களில் இருந்த ரப்பி சாமுவேல் ஸ்னீகும் சாமுவேல் ரோஸும், இருவருமே டகாவ் முகாமிலிருந்து மீண்டவர்கள், அமெரிக்க ராணுவத்திடம் போய்த் தால்முத் அச்சடிக்க உதவி கேட்டார்கள். படமெடுக்க ஐரோப்பாவில் முழு செட் சிக்கவில்லை, நியூயார்க்கிலிருந்து இரண்டு செட் கொண்டுவர வேண்டியிருந்தது. காகிதப் பஞ்சம் வேறு. ஹைடெல்பெர்க்கில் கார்ல் விண்டர் அச்சகத்தில் 19 தொகுதி. முகப்புப் பக்கத்தில் கீழே முள்வேலியும் முகாமும், மேலே பேரீச்ச மரங்களும் புனித நிலமும். அர்ப்பணம் அமெரிக்க ராணுவத்துக்கு. ஒரு ராணுவத்தின் பெயர் முகப்பில் உள்ள தால்முத் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

மேகலை_73 எழுதியது:

தனியாகப் போன ரப்பிகள் பற்றிய கேள்விக்கு. அமெரிக்க 1924 குடியேற்றச் சட்டத்தில் பிரிவு 4(டி) என்று ஒரு சந்து இருந்தது. மதகுருவோ கல்லூரிப் பேராசிரியரோ ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் வரமாட்டார், மனைவியும் 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் கூட வரலாம். நிபந்தனை இரண்டு. மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷம் தொடர்ச்சியாக அதே பணியில் இருந்திருக்க வேண்டும், அமெரிக்காவில் அதே பணிக்காக மட்டுமே வர வேண்டும். அதாவது ஏதாவது ஒரு சபை சம்பளம் குறிப்பிட்டு வேலைக் கடிதம் அனுப்ப வேண்டும்.

வாசித்தால் வாசல் திறந்த மாதிரி இருக்கும். தூதரக மேசையில் கதை வேறு. மாணவனுக்கு இடமில்லை. ஓய்வு பெற்றவருக்கு இடமில்லை. சின்சினாட்டியின் ஹீப்ரூ யூனியன் கல்லூரித் தலைவர் ஜூலியன் மார்கன்ஸ்டெர்ன் ஜெர்மன் அறிஞர்களை வரவழைக்க முயன்றபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. பெர்லின் யூதக் கல்லூரியை நாஜி அரசு வெறும் 'பயிற்சி நிலையம்' என்று தரம் இறக்கியிருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தத் தர இறக்கத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, 'இவர்கள் பேராசிரியர்கள் இல்லை' என்றது! ஆர்தர் ஷ்பானியரின் முதன்மைப் பணி நூலகர் என்று மறுத்தார்கள். அவர் பெர்கன்-பெல்சனில் இறந்தார். ஆல்பர்ட் லெவ்கோவிட்ஸின் தாள்கள் 1940 மே மாதம் ராட்டர்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயின, மறுபடி ஜெர்மனியிலிருந்து வாங்க வழியில்லை.

வந்து சேர்ந்தவர்களில் ஆவ்ராஹாம் யோஷுவா ஹெஷெல் ஒருவர், 1940. அந்தக் கல்லூரி சீர்திருத்தப் பிரிவு, சமையல் கோஷர் இல்லை, அதாவது யூத உணவு விதிப்படி இல்லை. ஹெஷெல் ஆசாரமான ஹசித் பிரிவுக் குடும்பம். உயிரைக் காத்த இடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட முடியாது! அறையிலேயே தனக்கானதை வைத்துக்கொண்டு 1945 வரை ஓட்டினார்.

லண்டனில் இன்னொரு வகைக் குழப்பம், சொல்லில். ஜெர்மனியில் 'லிபரல்' என்றால் ஆர்கன், கூட்டுப்பாட்டு, ஆனால் ஹீப்ரூ வழிபாடு பெரும்பாலும் மரபுப்படி. இங்கிலாந்தில் 'லிபரல்' என்றால் அதைவிட வெகுதூரம் போனவர்கள், பாதிக்கு மேல் ஆங்கிலம். பெயர் ஒன்றே என்று நம்பிப் போன ஜெர்மானியர்கள் வழிபாட்டில் உட்கார்ந்து திகைத்தார்கள். 1939-இல் தங்களுக்கென்று தனிச் சபை தொடங்கினார்கள், இப்போதைய பெல்சைஸ் ஸ்கொயர் சபை. ரப்பி பிராங்பர்ட்டின் கியோர்க் சால்ஸ்பெர்கர், பாடகர் பெர்லினின் மாக்னுஸ் டேவிட்சோன். பெர்லின் தொழுகைக்கூட இசையமைப்பாளர் லெவண்டோவ்ஸ்கியின் மெட்டுகள் அப்படியே. அடுத்த வருஷமே பிரிட்டன் ஜெர்மன் பாஸ்போர்ட்காரர்களை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து முகாமில் அடைத்தது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ரப்பிகளும் அதில் அகப்பட்டார்கள்.

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

முதலில் எதைக் கட்டினார்கள்? தொழுகைக்கூடம்தானே?

வழக்காடி எழுதியது:

சட்டப்படி இல்லை. தொழுகைக்கூடத்தை விற்றாவது மிக்வே கட்டு என்பதுதான் விதி. பத்து ஆண்கள் எந்த அறையிலும் கூடித் தொழலாம். சமய முறைப்படியான முழுக்குக் குளம் இல்லாமல் ஆசாரமான குடும்பம் நடத்த முடியாது. அகதி ரப்பி வாடகைக்கு எடுத்த இடத்தில் இதைச் செய்வது எவ்வளவு சள்ளை என்று பாருங்கள்.

தண்ணீர் 40 செயா. ஒரு செயா 144 முட்டை அளவு, ஆக 5,760 முட்டை. முட்டை எவ்வளவு பெரிசு என்பதில் சண்டை. சிறிய கணக்கு 332 லிட்டர், ஹஸோன் ஈஷ் கணக்கு 573 லிட்டர். கட்டுகிறவர்கள் பெரியதற்கும் மேலே போவார்கள். தொட்டி தரையோடோ கட்டடத்தோடோ ஒட்டிக் கட்டியதாக இருக்க வேண்டும். தூக்கி வைத்த பாத்திரம் செல்லாது. தண்ணீர் மழையாகவோ ஊற்றாகவோ தானே வந்து விழ வேண்டும், மொண்டு ஊற்றக்கூடாது. 40 செயா நிறைவதற்குள் மொண்ட தண்ணீர் 3 லோக், அதாவது ஒரு லிட்டர் சொச்சம், விழுந்துவிட்டால் மொத்தத்தையும் வடித்துவிட்டு மறுபடி மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

மழைநீரிலேயே எல்லோரும் முழுகினால் நாறிப்போகும். அதனால் இரண்டு தொட்டி. ஒன்றில் மழைநீர், மூடிவைத்தது. பக்கத்தில் குழாய்த் தண்ணீர்த் தொட்டி, தினம் மாற்றலாம், சூடாக்கலாம். நடுச்சுவரில் இரண்டு விரல் தாராளமாகச் சுழலும் துளை. இரண்டு தண்ணீரும் அங்கே தொட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரும் தகுதி பெறும். கெடுவது பெரும்பாலும் கசிவால். விரிசலில் தண்ணீர் நகர்ந்தால் 'ஓடும் நீர்' ஆகிவிடும், மழைநீருக்கு அது ஆகாது. கூரைக் குழாயில் தண்ணீர் தேங்கும் குழிவு இருந்தாலும் சந்தேகம். ரப்பியே கொத்தனாரின் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

போருக்குப் பின் ஜெர்மனியின் ஃபெரன்வால்ட் அகதி முகாமில் கிளவ்சென்பெர்க் ரெப்பே (ஹசித் தலைவர்) ஹால்பெர்ஸ்டாம், மனைவியையும் 11 பிள்ளைகளையும் இழந்தவர், முதலில் கவனித்த காரியங்களில் இதுவும் ஒன்று. முகாமில் தினம் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

அதை ஒட்டித்தான் ரப்பிகளின் ஆகக் கடினமான வேலை வந்தது, அகுனா. கணவன் இறந்தான் என்று சான்று இல்லாத மனைவி மறுமணம் செய்ய முடியாது. செய்தபின் கணவன் திரும்பினால் அவள் இருவரையும் விட்டுப் பிரிய வேண்டும், இரண்டாவது உறவில் பிறந்த பிள்ளைகள் காலத்துக்கும் மணத்தடையுள்ளவர்கள். ரப்பி தப்பாகக் கையெழுத்துப் போட்டால் வரும் விலை இது.

சட்டம் இதில் கொஞ்சம் இளகியே இருக்கிறது. வழக்கமாக இரண்டு சாட்சி வேண்டிய இடத்தில் இங்கே ஒருவர் போதும், பெண்ணும் சொல்லலாம், வேற்று மதத்தவர் பேச்சுவாக்கில் சொன்னதும் எடுபடும். ஆனால் ஆஷ்விட்ஸில் கணவன் சாவதைப் பார்த்த சாட்சியே இல்லையே. ரயிலிலிருந்து இறங்கியதும் இடப்பக்கம், அதாவது நச்சுவாயு அறைப் பக்கம், அனுப்பியதைத்தான் பார்த்தார்கள். அது சாவைப் பார்த்ததாகுமா? பெர்கன்-பெல்சன், மியூனிக் போன்ற இடங்களில் கூடிய ரப்பிகள் ஆகும் என்றே பெரும்பாலும் முடிவெடுத்தார்கள், விசாரித்துவிட்டு. எந்தத் தேதி நாடு கடத்தினார்கள், எந்த ரயில், வயது என்ன, எந்தப் பக்கம், அதன்பின் யாராவது பார்த்தார்களா, பிழைத்தோர் பட்டியலில் பெயர் உண்டா. மூன்று கையெழுத்து. ஆண்களுக்கும் இதே வழக்கு இருந்தது, ஒரு மனைவிக்கு மேல் கூடாது என்ற கெர்ஷோம் ரப்பியின் தடை இருப்பதால்.

இந்தக் காரியத்தில் தீர்ப்பு எழுதியவர்களில் பலர் தங்கள் மனைவியைப் பறிகொடுத்தவர்கள். தீர்ப்பைப் படித்தால் அது எங்கும் தெரியாது.

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

மீர் கடைசியில் என்ன ஆனது?

நூலகவாசி எழுதியது:

போர் முடிந்ததும் ஷாங்காயிலிருந்து கிளம்பி இரண்டானது. கல்மனோவிட்ஸ் புரூக்ளினில் ஒன்று. ஃபின்கெல் ஜெருசலேமில் 1944-லேயே தொடங்கியிருந்தது இன்னொன்று, ஷ்முவெலெவிட்ஸ் 1947-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். பெத் அஹரோன் கட்டடத்தை 1985-இல் இடித்துவிட்டார்கள்.

அச்சுக்கோப்பு எழுதியது:

ஷாங்காய் அச்சுப் பிரதிகள் பழம்புத்தக ஏலங்களில் வருவதுண்டு. பார்க்கிறவர்கள் முகப்பைவிட உரை எழுத்தைப் பாருங்கள், ஹே அடைபட்டிருக்கிறதா என்று.